புரதத்தை ஒற்றி அறிந்த வரலாறு

விஞ்ஞானச் சொற்களைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டோர்க்குப் பெயர்களால் நேரும் தொல்லை சிறிதன்று. பொருளை விளக்கும் பெயர்கள் சில. பொருளை மறைப்பதற்கென்றே பிறந்தனவோ என்று ஐயுறச் செய்யும் பெயர்கள் பல. இரண்டாம் வகைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, மருத்துவ ஏடுகளிலும் ஆராய்ச்சிச் சாலைகளிலும் வழங்கும் 'வெஸ்டர்ன் பிளாட்' என்னும் தொடராகும். 'மேற்கத்திய ஒற்றுமுறை' என்று சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது எனத் தோன்றும். ஆனால் அம்முறையின் இயல்புக்கும் மேற்குத் திசைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

பெயர் வந்த விதம் சுவையானது. அதனினும் முக்கியமானது, அம்முறை தமிழகத்திலே பெரியதோர் உண்மையை நிலைநாட்ட உதவிய வரலாறு. பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து, தில்லி மோதி பாக்கிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற நம்மவர் அதனை அறிந்திருத்தல் நன்று. அது விஞ்ஞான வரலாறு மட்டுமன்று. ஒரு மனிதனைப் பற்றி ஒரு முடிவைச் சொல்வதற்கு முன் எத்தனை சான்றுகள் வேண்டும் என்னும் கேள்வியின் வரலாறும் ஆகும்.

முதலில் புரதத்தின் செய்தியைக் காண்போம். நம் உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆனது. ஈரலின் உயிரணுவும் நரம்பின் உயிரணுவும் ஏறத்தாழ ஒரே மரபுக் குறிப்பைத் தம்முள் வைத்திருக்கின்றன. அப்படியிருந்தும் ஒன்று ஈரலாகவும் மற்றொன்று நரம்பாகவும் தொழிற்படுவது ஏன்? ஒவ்வோர் உயிரணுவும் அந்தக் குறிப்பில் தனக்கு வேண்டிய பகுதிகளை மட்டும் படித்து, அதற்குரிய புரதங்களையே உண்டாக்கிக் கொள்கிறது. சமையல் நூல் எல்லா வீட்டிலும் ஒன்றாக இருக்கலாம்; இன்று எந்த வீட்டில் என்ன சமையல் என்பதை அடுப்பங்கரையில் நுழைந்து பார்த்தால்தானே அறியலாம்? அதுபோல, ஓர் உயிரணுவில் இன்ன புரதம் உண்டாகியிருக்கிறதா, எவ்வளவு உண்டாகியிருக்கிறது என்று அறிய விஞ்ஞானிகள் நெடுங்காலம் முயன்றனர்.

இதிலே இரண்டு இடர்ப்பாடுகள் இருந்தன. ஓர் உயிரணுவில் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தாக வேண்டும். பிரித்த பின் நாம் தேடும் ஒன்றை மட்டும் இனங்கண்டு கொள்ள வேண்டும்.

முதல் இடர்ப்பாட்டுக்கு வழி 1960களில் பிறந்தது. சவர்க்காரத்தைப் போன்றதொரு பொருளைப் புரதக் கலவையுடன் சேர்த்துச் சூடாக்கினால், சுருண்டு மடிந்து கிடக்கும் புரதங்கள் நீண்டு விரிந்து, எதிர் மின்னேற்றத்தைப் பெறுகின்றன. அவற்றைப் பாலிஅக்ரிலமைடு என்னும் ரசாயனத்தாலான மெல்லிய கூழ்த் தகட்டின் தலைப்பில் இட்டு மின்சாரத்தைச் செலுத்தினால், சிறியவை தகட்டின் நுண்துளைகளின் வழியே விரைந்து ஓடுகின்றன. பெரியவை தட்டுத் தடுமாறிப் பின்தங்குகின்றன. இவ்வாறு அளவின் வரிசையில் அவை கோடுகோடாக நின்றுவிடும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய உல்ரிக் லெம்லி என்பார், பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் தலைப்பகுதி அமையும் விதத்தை ஆராயும்போது இம்முறையைச் செம்மைப்படுத்தி 1970இல் வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

இரண்டாம் இடர்ப்பாடே கடினமானது. தகட்டில் நிற்கும் கோடுகளுள் நாம் தேடுவது எது? அதைக் காட்டிக் கொடுக்க வல்லது எதிர்ப்பொருள். நோய்க்கிருமி போன்ற அயற்பொருள் உடலில் புகுந்தால், அதனைப் பற்றிக் கொள்ளும்படி குருதியில் உண்டாகும் புரதமே எதிர்ப்பொருள் எனப்படும். ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல் என்பது போல, அது தனக்குரிய புரதத்தைத் தேடிப் பிடிக்கும். ஆனால் கூழ்த் தகட்டினுள் புதைந்து கிடக்கும் புரதத்தை எதிர்ப்பொருள் எளிதில் சென்று தொட இயலாது. புரதத்தைத் தகட்டிலிருந்து வெளியே கொணர்ந்து வேறொரு பரப்பின்மேல் பரப்பியாக வேண்டும்.

அதற்கான நெறியைக் காட்டியவர் எட்வின் சதர்ன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆராய்ச்சி செய்த இவர், புரதத்தை அன்று, மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வையே ஆராய்ந்தார். எழுதிய மை உலருமுன் அதன்மேல் தாளை வைத்து ஒற்றி எடுப்பதை நம்முள் முதியோர் அறிவர். ஏறக்குறைய அதே எளிய முறையில், கூழ்த் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் மென்படலத்தை விரித்து, அதன்மேல் நீரை உறிஞ்சும் தாள்களை அடுக்கி, டி.என்.ஏ. துண்டுகள் நின்ற இடம் மாறாமல் படலத்தில் படியும்படி செய்தார். 1975இல் இது வெளியாயிற்று. அவர் பெயரால் அது 'சதர்ன் பிளாட்' எனப்பட்டது. சதர்ன் என்பது தென்திசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுமாதலால், 1977இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஆல்வைன், கெம்ப், ஸ்டார்க் ஆகிய மூவரும் ஆர்.என்.ஏ.வுக்கு உரிய முறையை வகுத்தபோது, அது வேடிக்கையாக வடதிசையின் பெயரைப் பெற்றது. ஒரு மனிதரின் பெயரிலிருந்து திசைகளின் வரிசையே கிளைத்துவிட்டது.

எஞ்சியது புரதம். 1979ஆம் ஆண்டில் இரண்டு குழுவினர் இதில் வெற்றி கண்டு வெளியிட்டனர். ஸ்டான்போர்டில் ரெனார்ட், ரைசர் ஆகியோருடன் முன் சொன்ன ஸ்டார்க்கும் சேர்ந்து உழைத்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிரீட்ரிக் மீஷர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹாரி டௌபின், தியோபில் ஸ்டேஹெலின், ஜூலியன் கார்டன் ஆகியோர் வேறொரு வழியில் சென்றனர். தாள் உறிஞ்சும் என்று காத்திராமல், மின்சாரத்தைக் கொண்டே புரதங்களைத் தகட்டிலிருந்து நைட்ரோசெல்லுலோஸ் படலத்துக்குத் தள்ளினர். இன்று வழக்கில் நிலைத்திருப்பது இவர்களது வழியே.

இதே காலத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், பிரெட் ஹச்சின்சன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் நீல் பர்னெட் என்பாரும் இத்தகைய முறையை வகுத்திருந்தார். சியாட்டில் அந்நாட்டின் மேற்குக் கரையில் இருப்பதனால், தெற்கையும் வடக்கையும் அடுத்து 'வெஸ்டர்ன்' என்று அவர் பெயரிட்டார். அவர் கட்டுரை முதலில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஆயினும் கைப்படிகளாகப் பல ஆய்வாளரிடம் பரவி, 1981இல்தான் அச்சேறியது. முறையை முதலில் அச்சேற்றியவர் வேறாகவும், பெயரை இட்டவர் வேறாகவும் அமைந்தனர்.

இம்முறையின் வலிமை எதில் அடங்கியிருக்கிறது? படலத்தின்மேல் எதிர்ப்பொருளை ஊற்றுகின்றனர். அது தனக்குரிய புரதத்தைப் பற்றிக் கொள்கிறது. பற்றிய எதிர்ப்பொருளை, நிறமோ ஒளியோ தரவல்ல இன்னோர் எதிர்ப்பொருளால் கண்டறிகின்றனர். அப்போது படலத்தில் ஒரு பட்டை தோன்றுகிறது. அப்பட்டை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. எதிர்ப்பொருள் இதனை இனங்கண்டது என்பது ஒன்று. இது நின்ற இடம், இன்ன அளவுள்ள புரதத்துக்குரிய இடமே என்பது மற்றொன்று. எதிர்ப்பொருள் ஆள்மாறாட்டத்தால் வேறு புரதத்தைப் பிடித்திருந்தால், பெரும்பாலும் பட்டை பிறிதோர் இடத்தில் தோன்றிப் பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒன்றையொன்று சாராத இரு சான்றுகள் ஒரே இடத்தில் சந்திப்பதுதான் இதன் சிறப்பு.

திருக்குறளில் ஒற்றாடல் என்றோர் அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றன் அறிந்து வந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் சரிபார்த்துக் கொள்ள வேண்டும் என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருந்தால் அதனைத் தெளியலாம் என்றும் அரசனுக்கு அங்கே கூறப்படுகிறது. ஆட்சிக்கு உரைத்த அவ்வறிவுரை ஆய்வுக்கூடத்துக்கும் எத்துணைப் பொருத்தமானது என்பதை எய்ட்ஸ் நோயின் வரலாறு காட்டிற்று.

1981ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எய்ட்ஸ் பற்றிய முதற்செய்தி அமெரிக்காவில் வெளியாயிற்று. 1983இல் பாரிஸின் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மாண்டாக்னியே முதலானோர் அதன் வைரஸைப் பிரித்தெடுத்தனர். 1985இல் குருதியை ஆராய எலைசா என்னும் சோதனை வழக்கத்துக்கு வந்தது. சிறு குழிகளையுடைய தட்டில் குருதிநீரை இட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதே எலைசா. விரைவானது; ஒரே வேளையில் பலரைச் சோதிக்க வல்லது. ஆனால் ஐயத்துக்கு இடமுள்ள எவரையும் விட்டுவிடாமல் பிடிப்பதே அதன் நோக்கமாதலின், நோயில்லாத சிலரையும் பிடித்துவிடும்.

இதன் விளைவை ஒரு கணக்கால் காண்போம். பத்தாயிரம் பேரில் இருபது பேருக்கே தொற்று இருப்பதாகக் கொள்வோம். சோதனை நூற்றுக்கு ஒருவரிடம் மட்டும் தவறுவதாகவும் கொள்வோம். மிக நல்ல சோதனை என்றே தோன்றும். ஆனால் தொற்றில்லாத 9,980 பேரில் ஏறத்தாழ 100 பேர் தவறாகச் சிக்குவர். தொற்றுள்ள 20 பேரையும் சேர்த்தால் சுட்டப்பட்டவர் 120 பேர். அவர்களுள் உண்மையில் தொற்றுள்ளவர் ஆறில் ஒரு பங்கினரே. மற்ற ஐந்து பங்கினரின் கதி என்ன? மருந்தும் இல்லாத, பெயரைக் கேட்டாலே ஊர் அஞ்சிய அந்நாளில், ஒரு தட்டின் நிறத்தை மட்டும் நம்பி முடிவு சொல்லியிருந்தால் எத்தனை குடும்பங்கள் சிதைந்திருக்கும்!

இங்கேதான் இரண்டாம் சாட்சியாக வெஸ்டர்ன் பிளாட் வந்தது. ஈண்டு முறை தலைகீழாக அமைந்தது. அறியப்பட்ட வைரஸின் புரதங்களைப் பிரித்துப் படலத்தில் படியச் செய்து, அதன்மேல் நோயாளியின் குருதிநீரை ஊற்றினர். உடலில் வைரஸ் புகுந்திருந்தால், அதன் பல புரதங்களுக்கும் எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கும். ஆகவே 24, 41, 120, 160 என்று எண்ணிட்டு வழங்கும் புரதங்களின் இடங்களில் பட்டைகள் தோன்றும். அவ்வெண்கள் ஆயிரம் டால்டன் கணக்கில் அவற்றின் எடையைக் குறிப்பன. ஒரு நிறம் தந்த ஐயத்தைப் பல பட்டைகளின் ஒத்த சாட்சியம் தீர்த்து வைத்தது.

இனித் தமிழகத்துக்கு வருவோம். எய்ட்ஸ் மேலைநாட்டாரின் நோய், நம் நாட்டை அண்டாது என்று பலர் நம்பியிருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு, இந்நோய் இங்கு உண்டா என்று தேடும் ஆய்வை மேற்கொள்ளுமாறு பேராசிரியை சுனிதி சாலமன் அறிவுறுத்தினார். 1986இல் நிர்மலா, சென்னையில் காப்பு இல்லமொன்றில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழில் செய்த பெண்களிடம் குருதி எடுத்தார். சென்னையில் சோதிக்க வசதி இல்லை. எடுத்த குருதிநீரைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் காத்து வைத்து, கணவரின் துணையுடன் இரயிலேறி வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். அங்கே ஜேக்கப் ஜான் தலைமையிலிருந்த வைரஸ் ஆய்வுக்கூடத்தில் எலைசா சோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின.

செய்தியின் கனத்தை அவர்கள் உணர்ந்தனர், உணர்ந்ததனாலேயே அவசரப்படவில்லை. சோதனையை மறுபடியும் செய்து பார்த்தனர். பின்னர் அந்த ஆறு பெண்களிடமும் புதிதாகக் குருதி எடுத்தனர். அது அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, வெஸ்டர்ன் பிளாட் முறையால் சோதிக்கப்பட்டது. ஐயம் நீங்கிற்று. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக நிலைநாட்டப்பட்டது. செய்தி தில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலை எட்டியது. மோதி பாக்கிலிருந்து ரிங் ரோடு வழியே கிழக்கே சென்றால், அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தை ஒட்டிய அன்சாரி நகரில் இருப்பதுதான் அக்கவுன்சில். அவ்வாண்டு மே மாதத்தில் தமிழகச் சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் இதனை அறிவித்தார்.

அறிவிப்பைக் கேட்டு நம்ப மறுத்தோர் பலர். சோதனையே பிழை என்றோரும் உண்டு. ஒரு சான்று மட்டும் கையில் இருந்திருந்தால் அவ்வாய்வாளர்கள் வாயடைத்துப் போயிருக்கக் கூடும். இரண்டாம் சான்று இருந்ததனால் அரசு விழித்துக் கொண்டது. குருதிச் சோதனைக்கு ஏற்பாடுகள் தொடங்கின. நிர்மலா 1987இல் தம் ஆய்வேட்டை அளித்தார். சுனிதி சாலமன் 1993இல் நோயாளருக்கென ஒரு சிகிச்சை நிலையத்தைச் சென்னையில் நிறுவி, 2015இல் மறையும் வரை அப்பணியில் நின்றார். 2017இல் அவர் பெயருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. அந்த ஆறு பெண்களின் பெயரை வரலாறு கூறவில்லை, கூறாதிருப்பதே அறம். எனினும் நாட்டின் கண்ணைத் திறந்தது அவர்களின் குருதி என்பதை நாம் மறத்தலாகாது.

ஒரு முறை பெரும் புகழ் பெற்றது என்பதனால் அது என்றும் நிலைத்திருக்க வேண்டும் என்பதில்லை. வெஸ்டர்ன் பிளாட் செலவு மிகுந்தது. தேர்ந்த கை வேண்டுவது. சில வேளைகளில் ஒன்றிரண்டு பட்டைகள் மட்டும் தோன்றி, உண்டு என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் நிற்பது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் தோன்றியது. நோய்க்குறி இல்லாத ஒருவரைத் தொற்றுள்ளவர் என்று கூறுவதற்கு முன், தம்முள் வேறுபட்ட மூன்று விரைவுச் சோதனைகள் ஒத்துக் கூற வேண்டும் என்பது இன்று நம் நாட்டில் கைக்கொள்ளப்படும் நெறி. உலக சுகாதார ஸ்தாபனமும் 2019இல், எச்.ஐ.வி.யைக் கண்டறிவதில் வெஸ்டர்ன் பிளாட்டைக் கைவிடுமாறு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. கருவி மாறிற்று, ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒக்க வேண்டும் என்னும் நெறி மாறவில்லை.

ஆய்வுக்கூடங்களிலோ இம்முறை இன்றும் செல்வாக்குடன் விளங்குகிறது. புற்றுநோய் உயிரணுவில் இன்ன புரதம் மிகுந்துவிட்டதா, ஒரு மருந்தைக் கொடுத்த பின் குறைந்ததா என்றெல்லாம் அறிய இதனையே நாடுகின்றனர். அங்கும் ஒரு துணைச் சாட்சி வேண்டும். ஒரு பட்டை கறுத்துத் தோன்றினால், புரதம் மிகுந்ததனாலா, அன்றிக் கலவையையே கூடுதலாக ஊற்றியதனாலா? இதைத் தெளிய, எல்லா உயிரணுக்களிலும் பெரும்பாலும் ஒரே அளவாக இருக்கும் ஆக்டின் போன்றதொரு புரதத்தையும் உடன் அளந்து ஒப்பிடுகின்றனர்.

சாட்சியையே கலைப்பாரும் உலகில் உண்டு. எலிசபெத் பிக் முதலிய மூவர் 20,621 ஆய்வுக் கட்டுரைகளின் படங்களைக் கூர்ந்து நோக்கி, அவற்றுள் நூற்றுக்கு 3.8 பங்கில் ஒரே படம் தகாத முறையில் மீண்டும் இடம்பெற்றிருப்பதாக 2016இல் வெளியிட்டனர். அத்தகைய படங்களுள் வெஸ்டர்ன் பிளாட் பட்டைகளும் பல. தவறுதலாக நேர்ந்தவையும் அவற்றுள் உண்டு. வேண்டுமென்றே செய்தவையும் உண்டு. மனிதர் நேர்மை குன்றினால் எந்தக் கருவியும் அதனை ஈடு செய்யாது.

அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இவ்வரலாற்றால் விளையும் பயன் யாது? பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்வோரையே நோயைச் சுமந்து வருவோர் என்று ஐயுறும் மனப்பான்மை எந்நாட்டிலும் உண்டு. மொழி தெரியாத ஊரில், புரியாத எழுத்தில் வந்த ஒரு துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குவோரும் உண்டு. அவர்கள் மூன்று செய்திகளை அறிந்திருக்க வேண்டும். முதற் சோதனையின் முடிவு தீர்ப்பன்று. அது மேற்கொண்டு விசாரணை வேண்டும் என்னும் அறிவிப்பே. அரசுச் சோதனை நிலையங்களில் இச்சோதனைகள் இலவசமாகவே செய்யப்படுகின்றன. தமிழகத்தில் அவை 'நம்பிக்கை மையம்' என்னும் அழகிய பெயரால் வழங்குகின்றன. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் மாதம் முதல் நடப்பிலுள்ள சட்டம், ஒருவருடைய இசைவின்றிச் சோதிப்பதையும், தொற்றின் காரணமாக வேலையிலும் வீட்டிலும் பள்ளியிலும் வேறுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. காப்பு இல்லத்திலிருந்த அந்த ஆறு பெண்களுக்கு அந்நாளில் இத்தகைய சட்டக் காவல் இருக்கவில்லை.

சோதனைச் சீட்டுகளில் 'ரியாக்டிவ்' என்றொரு சொல் காணப்படும். குருதிநீர் சோதனைப் பொருளோடு வினைபுரிந்தது என்பதே அதன் பொருள். அதனை 'நோய் உண்டு' என்று பெயர்த்துச் சொல்லும் உறவினரும் நண்பரும், தாம் அறியாமலே ஒரு தீர்ப்பை எழுதிவிடுகின்றனர். நம்மவருள் ஆங்கிலமோ இந்தியோ அறிந்தவர், அறியாதவருக்கு இச்சீட்டைப் படித்துச் சொல்ல நேரும்போது, 'வினை காட்டியிருக்கிறது. இன்னும் இரண்டு சோதனைகள் ஒத்துக் கூற வேண்டும். அதுவரை பொறுத்திருங்கள், நாமும் உடன் வருகிறோம்' என்று சொல்வார்களாக. அவ்வளவு சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.